எட்டாம் அறை

மார்ச் 4

அன்புள்ள மனைவிக்கு,

நலம். உன் நலத்தை நேரில் கேட்கலாம் என்றுதான் போன் செய்தேன். ஒவ்வொரு முறையும் பெரியவள்தான் எடுக்கிறாள். "அம்மா எழுதச் சொன்னாங்கப்பா. போன்ல நீங்க கத்துவீங்களாம்" என்கிறாள். நான் எப்போது கத்தினேன்? என் தொண்டை அப்படி. நம் கல்யாணத்தின்போதும் இதே தொண்டைதான். அன்று நீ ஒன்றும் சொல்லவில்லை.

நீ போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். விடுதி மேசைக்கு முன்னால் சாவிக்காக ஒரு குடும்பமே நிற்கிறது. நீ பையைத் தூக்கிக்கொண்டு, "பெரியவ வீட்டுக்குப் போறேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, அவர்களுக்கு நடுவே புகுந்து போய்விட்டாய். "அவங்களும் தங்க வந்தவங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். நான் என்ன சொல்வது? "ஆமாம், இப்பதான் காலி பண்றாங்க" என்றேன்.

இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. நீ இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். கவிழவில்லை. முக்கியமான செய்தி ஒன்று: நீ போன பிறகு ஒரே அறை இரண்டு பேருக்கு விற்றுப்போவது என்பது ஒரு முறைகூட நடக்கவில்லை. ஒரு முறைகூட. இத்தனை நாள் என்னை என்னென்ன சொன்னாய்! அறை பதிவு செய்யும் சைட்டுகளில் மூன்றை மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த சாப்ட்வேர் பார்த்துக்கொள்கிறது. நாலாவது சைட்டை நான் கையால் பார்த்துக்கொள்கிறேன். ஒன்றில் அறை விற்றால் மற்றதில் மூடுகிறேன். கை பழகிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். உனக்குப் பொறுமை போதவில்லை.

சின்னத் தலையணை உறைகள் எங்கே? அறை சுத்தம் செய்யும் அக்காவைக் கேட்டால், "அம்மாவைக் கேளுங்க" என்கிறாள். துணி அறையின் சாவியும் ஒட்டிக்கொள்கிறது.

எப்போது வருகிறாய் என்று எழுது. பஸ் நிலையத்துக்கு வருவேன்.

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 12

என்னங்க,

உங்கள் கடிதம் வந்தது. எழுத்திலும் நீங்கள் கொஞ்சம் கத்தத்தான் செய்கிறீர்கள். ஆனால் எழுத்தை மடித்து வைத்துவிட்டு, வேலையெல்லாம் முடிந்த பிறகு எடுத்துப் படிக்கலாம். அதனால்தான் எழுதச் சொன்னேன்.

தலையணை உறைகள் துணி அறையில், மேல் தட்டில், நீலப் பைக்குள் இருக்கின்றன. சாவியைப் போட்டுக் கதவை லேசாகத் தூக்கிக்கொண்டு திருப்ப வேண்டும்.

முட்டி வலி அப்படியேதான். பெரியவள் நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். எனக்கு ஒரு சின்ன அறை கொடுத்திருக்கிறாள். கட்டிலும் சின்னதுதான். முதல் வாரம் முழுக்க, யாராவது வந்து எழுப்புவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே படுத்திருந்தேன். யாரும் எழுப்பவில்லை. அதற்குப் பிறகு தூங்கினேன். பகலிலும் தூங்கினேன். எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று எனக்கே இங்கே வந்துதான் தெரிந்தது.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவில்லை. போன விதத்தை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அன்று எனக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நாலாவது சைட்டில் நீங்கள் மூட மறந்த அறையை ஒரு ஜோடி வாங்கிவிட்டது. நீங்கள் நம் அறைக் கதவைத் திறந்து, பெட்டியோடு அவர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு, "கொஞ்சம் எந்திரிம்மா. ஒரு ராத்திரிதானே" என்றீர்கள். அந்தப் பெண்தான், "ஐயோ, வேண்டாங்க. அவங்க படுத்திருக்காங்க" என்றாள். அவளை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. அவளுக்குத் தெரிந்தது.

இந்த 'ஒரு ராத்திரிதானே' எத்தனை ராத்திரி ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் இன்னும் கோபம் வரும். ஒவ்வொரு முறையும் நீங்கள் முன்கூடத்து நீள நாற்காலியில் காலை நீட்டிக்கொள்வீர்கள். நான் துணி அறைக்குப் போவேன். அங்கே இருக்கும் மடக்குக் கட்டிலைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். திரும்பச் சொல்ல மாட்டேன். விருந்தாளிகளுக்கு ஏழு அறை, நாம் படுப்பது எட்டாம் அறை என்று நீங்களே பேர் வைத்தீர்கள். பேர் வைத்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நாலாவது சைட்டையும் சாப்ட்வேரோடு இணைத்துவிடுங்கள். மாப்பிள்ளை எல்லாம் தயாராக வைத்திருக்கிறாராம். நீங்கள் 'சரி' என்றால் போதுமாம். அது நடந்த பிறகு நான் வருவதைப் பற்றிப் பேசலாம்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் அறைக்கு வருகிற பெரியவருக்கு மாடி ஏற முடியாது. கீழே ஒன்று கொடுங்கள்.

உங்கள் மனைவி


மார்ச் 20

அன்புள்ள மனைவிக்கு,

உறைகள் கிடைத்தன. பெரியவருக்கும் கீழே முதல் அறையைக் கொடுத்துவிட்டேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் அவருக்கு மாடி ஏற முடியாது என்பது உனக்கு எப்படித் தெரிந்தது? அந்த அக்காவை விசாரித்தேன். "எனக்கே நீங்க சொல்லித்தான் தெரியும். என்னை எதுக்கு முறைக்கிறீங்க?" என்றாள். போகட்டும்.

இணைக்க மாட்டேன். ஏன் என்று கேட்டுக்கொள்.

எனக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. இந்த வீட்டுக்கு வயரிங் இழுத்தது நான். குழாய் போட்டவன் ஓடிப்போனபோது பாதியிலிருந்து போட்டு முடித்தது நான். கம்ப்யூட்டரை எப்படி அணைப்பது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டவன், அப்புறம் ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். நாலாவது சைட்டில் நம் வீட்டை ஏற்றியபோது மாப்பிள்ளை இந்தக் குடும்பத்திலேயே இல்லை. அதில்தான் நமக்கு முதல் ஆள் வந்தார். அந்த நாய்க்காரர். நாயையும் சேர்த்து ஏற்றுக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? மாடிப்படிக் கம்பளத்தை அது கடித்துத் துப்பியது.

மாப்பிள்ளை வந்து மூன்றை அவருடைய கயிற்றில் கட்டினார். கட்டட்டும். நாலையும் கொடுத்துவிட்டால் இந்த மேசையில் எனக்கு என்ன வேலை? சாவி எடுத்துக் கொடுப்பதா? அதற்கு ஒரு ஆணி போதும்.

நான் என் வேலையை எவ்வளவு கருத்தாகச் செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது. குளித்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலாவது சைட்டில்தான் உட்காருகிறேன். விற்ற அறையை மூடப் போனால், அது ஏற்கெனவே மூடியிருக்கிறது. முந்தின நாளே மூடியிருப்பேன் போல. செய்தது நினைவில்லாமலே செய்யும் அளவுக்குக் கை பழகிவிட்டது. அதே மாதிரி நாலாவதில் ஒரு அறை விற்றால், சாப்ட்வேரில் அதைச் சிவப்பாக்கப் போகிறேன், அங்கே ஏற்கெனவே சிவப்பு. இந்த வயதில் இப்படி ஒரு மூளை எத்தனை பேருக்கு இருக்கும்?

நீ எட்டாம் அறையைப் பற்றி எழுதியிருந்தாய். வந்து நிற்பவர்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்த எனக்குத் தெரியாது. அந்த ஜோடி நம்மைப் பற்றி எவ்வளவு நல்லதாக எழுதினார்கள் தெரியுமா? 'வீட்டுக்காரர் தங்கமானவர்' என்று எழுதினார்கள்.

முட்டிக்கு எண்ணெய் தடவு. சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் கணவன்


மார்ச் 29

என்னங்க,

இந்தக் கடிதத்தை எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். பெரியவள்தான், "எழுதும்மா. இல்லன்னா அப்பா மூளையை மியூசியத்துல வெக்கச் சொல்வாரு" என்றாள்.

மூடியது நான்.

சாப்ட்வேரும் நாலாவது சைட்டும் என் போனிலும் இருக்கின்றன. மேசையில் நீங்கள் இல்லாதபோது பார்த்துக்கொள் என்று நீங்கள்தான் போட்டுக் கொடுத்தீர்கள், மறந்துவிட்டீர்கள். நான் வந்த மறுநாள் காலையில் விழிப்பு வந்ததும் கை தானாகப் போனைத் தேடியது. பார்த்தால் ஐந்தாம் அறை ஒரு சைட்டில் விற்றிருக்கிறது, நாலாவதில் திறந்தே கிடக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியவில்லை. மூடினேன். அன்றிலிருந்து தினமும் இதுதான். பெரியவள் எழுந்திருப்பதற்குள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து, இங்கே விற்றதை அங்கே மூடி, அங்கே விற்றதை இங்கே சிவப்பாக்கி, யார் என்ன கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று படித்து, அப்புறம்தான் முகம் கழுவுவது. மாடி ஏற முடியாத பெரியவர் நாலாவது சைட்டில்தான் எழுதியிருந்தார். நீங்கள் அவருக்கு 'நன்றி, வருக' என்று பதில் போட்டிருந்தீர்கள்.

ஒரு நாள் பெரியவள் பார்த்துவிட்டாள். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மா, நீ கோவிச்சுக்கிட்டு வந்தியா, இல்ல வீட்டுலேருந்து வேலை பார்க்க வந்தியா?" என்றாள். சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது. வீட்டை விட்டு இத்தனை தூரம் வந்தும் அந்த மேசையைவிட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.

அதனால் சொல்கிறேன். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து பார்க்க மாட்டேன். என் போனிலிருந்து இரண்டையும் எடுத்துவிடச் சொல்லி பெரியவளிடம் கொடுத்துவிட்டேன். இது மிரட்டல் இல்லை. உங்களுக்கு முன்கூட்டித் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என்னிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டாம். உங்களுக்கு அது வராது என்று தெரியும். ஒரு 'சரி' போதும். அதையும் என்னிடம் சொல்ல வேண்டாம், மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. பெரியவள் இந்த வீட்டுக்குக் குடிவந்து எத்தனை வருஷம் ஆயிற்று? நீங்கள் ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறது. பேர் தெரியவில்லை. நீங்களாக இருந்தால் எங்கேயாவது பார்த்துக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

உங்கள் மனைவி


ஏப்ரல் 9

அன்புள்ள மனைவிக்கு,

யார் கேட்டது?

நான் கேட்டேனா? என் முதுகுக்குப் பின்னால் என் வேலையைச் செய்துவிட்டு, அதைக் கடிதத்தில் வேறு எழுதுகிறாய். நீயும் பெரியவளும் மாப்பிள்ளையும் சேர்ந்து சிரித்திருப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் தேதிக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டுமே. சொல்கிறேன். ஒரு முறை ஆறாம் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆளை எதிர்த்தெரு விடுதியில் நானே பெட்டி தூக்கிக்கொண்டு போய் விட்டுவந்தேன். அந்த விடுதிக்காரன் முகத்தில் ஒரு சிரிப்பு. அதையும் பொறுத்துக்கொண்டேன். மற்றபடி நடக்கிறது.

பெரியவள் வீட்டுக்கு வரவில்லை என்று குறை சொல்கிறாய். எப்படி வருவது? ஏழு அறையையும் நாலு இடத்தில் ஒரு வாரத்துக்கு மூடுவதென்றால் சாமானியமா? நாலாவதில் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுத் தொட்டு மூட வேண்டும். தொட்டுக்கொண்டிருக்கும்போதே ஒருவன் வாங்கிவிடுவான். இந்தக் கதவைத் திறந்த நாளிலிருந்து ஒரு நாளும் முழுசாக மூடியதில்லை. அதைப் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

ஆனால் நீ எழுதியதை யோசிக்காமல் இல்லை. உனக்கு என்ன வேண்டும்? எட்டாம் அறை யாருக்கும் போகக் கூடாது. அவ்வளவுதானே? அதற்கு மாப்பிள்ளை எதற்கு? நானே வழி கண்டுபிடித்துவிட்டேன். இதுவரை எட்டாம் அறை எந்த சைட்டிலும் இல்லை. இல்லாததை எப்படி மூடுவது? அதனால் அதையும் முறைப்படி ஒரு அறையாக சாப்ட்வேரில் ஏற்றி, வருஷம் முழுக்கச் சிவப்பாக்கிவிட்டேன். மூன்று சைட்டிலும் மூடியாகிவிட்டது. நாலாவதில் மட்டும் விடக் கூடாதே என்று அங்கும் ஏற்றினேன். படம் இல்லாமல் ஏற்க மாட்டேன் என்றது. ஒரு படம் எடுத்துப் போட்டேன். அங்கே இந்த வாரம் வரைக்கும் மூடியிருக்கிறேன். கண் வலித்தது. மீதியை நாளைக்கு மூடிவிடுவேன்.

இனி அது உன் அறை. எழுத்தில் இருக்கிறது. இதைவிட என்ன செய்ய முடியும்?

இப்படிக்கு,
உன் கணவன்


ஏப்ரல் 17

என்னங்க,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டோம். பெரியவளின் தோழி ஒருத்தி அந்தப் பக்கம் வர இருக்கிறாளாம். அம்மா வீட்டு விடுதியில் இடம் இருக்கிறதா என்று பெரியவள் நாலாவது சைட்டில் தேடினாள். தேடிவிட்டுப் போனை என் கையில் கொடுத்தாள்.

என் கட்டில். என் போர்வை. ஜன்னல் மேடையில் என் மருந்துப் பாட்டில்கள். கதவுக்குப் பின்னால் கொக்கியில் என் பச்சைப் புடவை தொங்குகிறது. கீழே, 'புதிய அறை! இருவர் தங்கலாம். அமைதியானது. இன்றே பதிவு செய்யுங்கள்.'

அந்த வாசகத்தை நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள், அதுவாகப் போட்டுக்கொள்ளும் என்று மாப்பிள்ளை சொன்னார். இருக்கலாம். பெரியவள் முதலில் சிரித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

நீங்கள் எனக்கு நல்லதுதான் நினைத்தீர்கள். தெரியும். எனக்காக நீங்கள் ஏதாவது செய்யப் புறப்பட்டால் அது எப்படியோ சுற்றிச் சுற்றி ஒரு விருந்தாளியிடம் போய் முடிகிறது. இத்தனை வருஷமும் அப்படித்தான்.

ஜன்னல் தெருப்பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்துப்பக்கம். திருத்துங்கள். வந்தவர்கள் குறை சொல்வார்கள்.

நான் திரும்பி வருவதென்றால் பதிவு செய்துவிட்டு வர வேண்டுமா?

எட்டாம் அறையில் இருந்தவள்


ஏப்ரல் 28

ஏம்மா,

உன் கடிதத்தைப் படித்த உடனே, விட்டுப்போன மீதியை மூட உட்கார்ந்தேன். அதற்குள் விற்றுவிட்டது.

வாங்கியது ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ். தங்கைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். சாயங்காலம் பெட்டியோடு வந்து நின்றார். ஏழு அறையும் நிரம்பியிருந்தது. எதிர்த்தெருவிலும் இடம் இல்லை. அவரிடம், "இந்த அறை தவறுதலாக ஏறிவிட்டது" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். நீயாக இருந்தாலும் கொடுத்திருப்பாய்.

அறைக்குள் போன வேகத்தில் வெளியே வந்தார். "இது யாரோட ரூமுங்க?"

"விடுதி ரூம்தாங்க."

"விடுதி ரூம்ல கொக்கியில புடவை தொங்குமா?"

"வீட்டம்மா ஊருக்குப் போயிருக்காங்க."

"வருவாங்கல்ல?"

"வருவா."

"அப்ப நான் வந்து படுத்தத அவங்ககிட்ட ஒளிக்காம சொல்லிடுங்க. நீங்க சொல்லாட்டியும் தெரிஞ்சிடும்."

அதனால் சொல்கிறேன். உன் புடவையை மடித்து அலமாரியில் வைத்திருக்கிறார். மருந்துப் பாட்டில்களைத் தேதி பார்த்து, பழையதைத் தூக்கிப் போடச் சொன்னார்.

நீள நாற்காலியின் கால் உடைந்து தச்சரிடம் போயிருக்கிறது. அதனால் அவர் தங்கிய நாளெல்லாம் துணி அறையில் படுத்தேன்.

அந்தக் கட்டிலைப் பற்றி நீ ஏன் சரியாகச் சொல்லவில்லை? நடுவில் ஒரு கம்பி முதுகை அறுக்கிறது. தலைமாட்டில் மேல் குழாய் சொட்டுகிறது. நான் போட்ட குழாய் என்பது உண்மைதான். ஆனால் நான் போடும்போது சொட்டவில்லை. மாடியில் நாலாம் அறையில் யாராவது தண்ணீர் திறந்தால் யாரோ கதவைத் தட்டுவது போலச் சத்தம். இரண்டு தடவை எழுந்து திறந்து பார்த்தேன். கட்டிலைத் திருப்பிப் போட்டால் வெந்நீர்க் கொதிகலன் தலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, அந்தச் சூட்டில் மனிதன் படுக்க முடியாது. குறுக்கே போடலாம் என்றால் கதவு திறக்காது. சோப்புத் தூள் நெடி வேறு.

அறை சுத்தம் செய்யும் அக்காவிடம், "இவ்வளவு மோசமா இருக்குன்னு யாரும் சொல்லலியே" என்றேன். வாளியைக் கீழே வைத்தாள். "அம்மா சொன்னாங்களே. நான் இங்கதான் நின்னுக்கிட்டிருந்தேன். நீங்க ரேடியோ சத்தத்தக் கூட்டுனீங்க." அவளுக்கு வாய் அதிகமாகிவிட்டது. நீ கொடுத்த இடம்.

எட்டாம் அறையை நாலு சைட்டிலிருந்தும் நீக்கிவிட்டேன். சாப்ட்வேரிலிருந்தும் நீக்கிவிட்டேன். ஒரு அறையை விற்காமல் காப்பாற்ற ஒரே வழி, அது இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் போல. குழாயையும் அடைத்துவிட்டேன். நாலாவது சைட்டைப் பற்றி நான் சொன்னது சொன்னதுதான். அதில் மாற்றம் இல்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நானும் எல்லாப் பக்கமும் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்தாய்?

உன் கணவன்


மே 6

என்னங்க,

படுக்கவில்லை.

அழுக்குத் துணி மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கி, அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன். விடிந்ததும் முதல் வேலையாக அந்த மூட்டையைத்தானே பிரிக்க வேண்டும்.

நர்ஸ் அம்மா நல்லவராகத் தெரிகிறார். தங்கைக்குச் சரியாகிவிட்டதா என்று கேட்டு வையுங்கள்.

நான் இப்போதைக்கு வரவில்லை. இது கோபத்தில் எழுதுவது இல்லை. பிடிவாதம் பிடிக்க நீங்கள் ஒருவர் போதும். எனக்குக் காலையில் எழுந்து எதையும் மூடாமல், எதையும் திறக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தக் கதவுக்குள் நுழைந்தால் அது முடியாது. யாராவது துண்டு கேட்பார்கள். நானும் எடுக்கப் போய்விடுவேன். அதுதான் பயம்.

மாத்திரைச் சீட்டு மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. உங்கள் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்திருக்கும். வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி


மே 15

ஏம்மா,

உன் கடிதம் வந்தது. மேசையில் வைத்துப் படித்தேன். யாரோ சாவி கேட்டார்கள். கொடுத்தேனா என்று நினைவில்லை. கொடுத்திருப்பேன்.

அப்புறம் மாப்பிள்ளைக்குப் போன் செய்து 'சரி' என்றேன். அவர், "என்ன சரி மாமா?" என்றார். இந்தப் பையனுக்கு எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கிறது. "நாலாவதையும் கட்டுங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் கட்டிவிட்டார். இவ்வளவு நாள் இதற்கா என்று நீ கேட்பாய். கேட்காதே. நான் தோற்றுவிட்டதாகவும் நினைக்காதே. அந்த சைட்டைக் கையால் நடத்த முடியும் என்று இப்போதும் சொல்வேன்.

இணைத்ததிலிருந்து காலையில் எனக்கு வேலை இல்லை. குளித்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. இந்த முறை நீ செய்யவில்லை என்று தெரிகிறது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, அது கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது. சும்மா உட்கார வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய். எனக்கு அது இப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் சும்மா இருக்க எனக்கு வரவில்லை. உடம்பெல்லாம் வலிக்கிறது. இத்தனை நாள் இந்த வலி எங்கே இருந்தது?

நர்ஸின் தங்கை நடக்கத் தொடங்கிவிட்டாராம். மாத்திரை வாங்கிவிட்டேன்.

நேற்று மாப்பிள்ளையிடம் போனில் ஒரு சந்தேகம் கேட்டேன். ஏழு அறையையும் ஒரே சமயத்தில் மூட முடியுமா என்று. "எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே அழுத்து மாமா. நான் செய்யட்டுமா?" என்றார். "கையை எடுங்க" என்றேன். நானே அழுத்தினேன். நாலு இடத்திலும் ஒன்றாகச் சிவந்தது. ஏற்கெனவே பதிவானவர்கள் இருபத்தொன்றாம் தேதி காலையில் காலி செய்கிறார்கள். அதற்குப் பிறகு மாதக் கடைசி வரைக்கும் கட்டம் முழுக்கச் சிவப்பு. இத்தனை சிவப்பை நான் ஒன்றாகப் பார்த்ததே இல்லை. அந்த அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஹவுஸ் ஃபுல்லா?" என்றாள். "ஆமாம்" என்றேன். அவளுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டேன். நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி மத்தியான பஸ்ஸில் ஏறுகிறேன். உன்னைக் கூட்டிப்போக வரவில்லை. அந்த மரம் என்ன மரம் என்று பார்க்க வேண்டும்.

எனக்காகப் பெரியவள் கட்டில் ஒழிக்க வேண்டாம். உன்னையும் யாரும் எழுப்ப வேண்டாம். மடக்குக் கட்டிலைக் கையோடு எடுத்து வருகிறேன். நடுக்கம்பியை இன்னும் சரிசெய்யவில்லை. அப்படியேதான் படுப்பேன், இதில் யாரும் என்னிடம் பேச வேண்டாம்.

இதற்குப் பதில் எழுதாதே. அது இங்கே வந்து சேரும்போது கதவு பூட்டியிருக்கும்.

உன் வீட்டுக்காரன்